தீப்பட்ட வீடும் அண்டை வீட்டார் கடமையும்

“எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. ஆயினும் நம் கிராமங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒரு குடிசை பற்றிக்கொண்டது என்ற கூக்குரல் எழுந்ததும், பழைய பிணக்கை மறந்து குடத்துடன் ஓடிவருகிறவர்கள் அண்டை வீட்டார்தாம். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன் அவர்கள் வந்து நிற்கின்றனர். நல்லெண்ணத்திற்கு நம்மிடம் குறைவில்லை, முறைதான் குறைவு. யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாத ஊரில் உதவியே சில வேளைகளில் ஆபத்தாக முடிகிறது. ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதைச் சிந்தித்தல் அவசியமாகும்.

குளிர்காலத்தில் தீ ஏன்?

தீ விபத்து கோடைக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். விருதுநகரை அடுத்த சூலக்கரை முதல் சாத்தூர், சிவகாசி வரையுள்ள வட்டாரத்தை நோக்கினால், ஐப்பசி முதல் தை வரையும் எச்சரிக்கை வேண்டிய காலமே என்பது விளங்கும். தீபாவளி வாணம், கார்த்திகை விளக்கு, சொக்கப்பனை, போகி நெருப்பு, மார்கழிக் குளிருக்கு மூட்டும் தீ ஆகிய யாவும் இம்மாதங்களில் வருகின்றன. அறுவடையான சோளத்தட்டையும் வைக்கோலும் வீட்டருகே படப்பாகக் குவிகின்றன. அடுப்புக்கு வைத்த பருத்திமாரும் கருவேல விறகும் சுவரோரம் கிடக்கின்றன. பனியில் நனைந்த கூரை பகல் வெயிலில் காய்ந்துவிடுகிறது. பிறகு ஒரு பொறி போதும்.

கூரைத் தீயின் கொடுமையைத் தமிழகம் 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கண்டது. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

வருமுன் காத்தல்

படப்பையும் விறகையும் வீட்டை ஒட்டி அடுக்கலாகாது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அவித்த பின்னரே குப்பையில் கொட்ட வேண்டும். சாம்பலுக்குள் மறைந்த கங்கு பல மணி நேரம் உயிருடன் இருக்கும். காங்கிரீட் வீட்டிலும் தேய்ந்த மின்கம்பியும் பழைய எரிவாயுக் குழாயும் தீக்குக் காரணமாகும்.

நம் வட்டாரத்திற்கே உரிய அபாயம் வேறொன்று உண்டு. பட்டாசுக்குரிய கருந்திரியையும் வெடிமருந்தையும் உரிமமின்றி வீட்டில் வைத்து வேலை செய்யும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. வெடிபொருள் செய்வதற்கும் சேமிப்பதற்கும் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். குடியிருப்பின் நடுவே மருந்தை வைப்பவர் தம் வீட்டை மட்டுமன்றி, தமக்கு உதவ ஓடிவருகிறவர்களையும் பலியிடத் துணிகிறார்.

தீ எழுந்த வேளையில்

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பற்றியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். காப்பாற்றவும் காணவும் சுற்றூர்களிலிருந்து திரண்டு வந்தவர்கள். அடுத்தடுத்து வெடித்த மருந்து அவர்களையும் கொண்டுசென்றது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று: எரிவது சாதாரண வீடா, வெடிமருந்து உள்ள இடமா என்று முதலில் அறிய வேண்டும். மருந்து உள்ள இடமானால் கூட்டத்தை அப்புறப்படுத்துவதே ஊரார் செய்யத்தக்க பேருதவி. பிறவற்றைத் தீயணைப்புப் படையினரிடம் விட்டுவிட வேண்டும்.

சாதாரண வீடானால், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றி, 101 என்ற எண்ணுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மின்னிணைப்பைத் துண்டிக்கும் வரை தண்ணீர் வீசலாகாது. கட்டுத்தறியில் உள்ள மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும்.

கீற்றுக் கூரை மழைநீரை வழியவிடுவதற்கென்றே வேயப்பட்டது. ஆகையால், கீழிருந்து வீசும் தண்ணீரிற் பெரும்பகுதி வழிந்து வீணாகிறது. தீ கூரை முழுதும் பரவிவிட்டால், காற்று வீசும் திசையிலுள்ள அண்டை வீட்டுக் கூரைகளை நனைப்பதும், அவற்றின்மேல் ஈரச்சாக்கு விரிப்பதும், நெருப்பு நெருங்குமுன் இடைப்பட்ட கீற்றைத் துறட்டியால் இழுத்துத் தள்ளுவதுமே பயன் தரும். ஒரு வீட்டை இழந்தாலும் தெருவைக் காக்கலாம்.

ஆடையில் தீப்பற்றியவரை ஓடவிடாமல் தரையில் உருளச் செய்து, கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும். புண்ணின்மேல் மையும் மாவும் பூசுதல் தவறு. குளிர்ந்த சுத்தமான நீரை 20 நிமிடம் ஊற்றி, 108 வண்டியை அழைத்தலே தக்கது.

தீ அணைந்த பின்பு

பலர் உதவி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. குடும்பத்தின் துன்பமோ இங்கேதான் தொடங்குகிறது. அன்றிரவு தங்க இடமும், குழந்தைகளுக்கு உணவும், மாற்று உடையும் வேண்டும். சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடுவது பஞ்சாயத்தின் முதற் கடமை. எந்தத் தெருவில் எரிந்தாலும், எந்தச் சமூகத்தார் வீடானாலும், கூடத்தின் கதவும் குழாயின் நீரும் ஒன்றுபோல் திறந்திருக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்வையிடும் வரை இடிபாட்டை அகற்றலாகாது. அவர் அனுப்பும் அறிக்கையைக் கொண்டே வட்டாட்சியர் வழியாக அரசின் நிவாரணம் கிடைக்கும். இழந்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதுதலும், மாண்ட கால்நடைக்குக் கால்நடை மருத்துவரிடம் சான்று பெறுதலும் நலம். குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் பெற எழுதப்படிக்க அறிந்த இளைஞர் ஒருவர் அக்குடும்பத்துடன் அலுவலகங்களுக்குச் செல்லலாம். பணங்காசு கொடுக்க இயலாதவரும் செய்யக்கூடிய பேருதவி இது.

தென் மாவட்டங்களில் கல்யாண வீட்டில் மொய் எழுதும் வழக்கம் உண்டு. ஒருவர் சுமக்க இயலாத செலவைப் பலர் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடே அது. வீடிழந்தவருக்கும் ஊரார் அவ்வாறே கூடிக் கொடுக்கலாம். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. மொய் திரும்பிச் செய்ய வேண்டிய கடன். தீயில் இழந்தவருக்குத் தருவது அவ்வாறு ஆகலாகாது. வரவு செலவைச் சந்தேகத்திற்கு இடமின்றி எழுதி வைப்பது முறை. இன்னார் இவ்வளவு தந்தார் என்று சபையில் படித்து வாங்கியவரைக் குனிய வைப்பது முறையன்று. பணம் தர இயலாதவர் மரம் தரலாம். கொத்தனார் இரண்டு நாள் உழைப்பைத் தரலாம்.

குடிசைகளை மாற்றி ஆறு ஆண்டுகளில் எட்டு இலட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டும் திட்டம் 2024ஆம் ஆண்டு தமிழக அரசால் அறிவிக்கப்பட்டது. கீற்றுக் கூரை குறையக் குறையத் தீயும் குறையும். எனினும் கடைசிக் குடிசை மாறும் வரை காவல் நம் கையில்தான் இருக்கிறது.

சனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடும்போது அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். துறட்டியும் வாளியும் மணலும் எங்கே இருக்கும், மருந்து வேலை எங்கே நடக்கிறது, கூடத்துச் சாவி யாரிடம் என்பவற்றை அன்றே முடிவு செய்யுங்கள். தீப்பிடித்த இரவில் சாவியைத் தேடும் நிலை எந்த ஊருக்கும் வரவேண்டாம்.