பக்கம் கட்டுபவர்

காலையில் காப்பியோடு செய்தித்தாளைக் கையிலெடுக்கும் நாம், செய்தியை எழுதியவர் பெயரை ஒருவேளை கவனிப்போம். அச்செய்தி ஏன் பக்கத்தின் உச்சியில் இடம் பெற்றது, அருகிலுள்ள படம் ஏன் அத்துணைப் பெரிதாக நிற்கிறது என்று கேட்பதில்லை. ஆசிரியர் குழுவோடு அமர்ந்து அவற்றை வகுப்பவர் பக்க வடிவமைப்பாளர். சென்னை மாநகரில் அவருடைய வேலைநாள் பெரும்பாலும் மாலையிலேதான் தொடங்குகிறது. பள்ளி விட்டு நீங்கள் வீடு திரும்பும் வேளையில் அவர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறுகிறார்.

முதலில் அவர் கைக்கு வருவது செய்தியன்று, விளம்பரக் கணக்கு. விற்ற இடம் போக எஞ்சியதே செய்திக்கு உரியது. முன்பு நிலைமை இதனினும் கடுமை. சென்னையின் ஆங்கில நாளிதழான 'இந்து'வின் முதற்பக்கம் 1958 வரை விளம்பரத்துக்கே விடப்பட்டிருந்தது.

தமிழ் நாளிதழில் பணிபுரிபவருக்கோ வேறொரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. 'நிறைவேற்றப்பட்டுள்ளது' என்ற ஒரு சொல்லே ஒற்றைப் பத்தியின் அகலத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதை முறித்துத்தான் ஆகவேண்டும், எங்கே முறிப்பது? அடுத்த வரி 'ட்' என்ற ஒற்றெழுத்தோடு தொடங்கினால் கண்ணை உறுத்தும். 'கொ' என்பதன் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறுவரியிலும் நிற்பது அதைவிடக் கேடு. மேலும், 'கீ'யின் சுழி மேலே எழும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கிடையே சற்று இடம் விடவேண்டும். இரண்டு வரி மிச்சமாகுமென்று அவ்விடைவெளியைக் குறுக்குவோர் உண்டு. அதைச் சிக்கனம் என்று நான் ஒப்பமாட்டேன். முதியவர்களின் கண்ணைத் துன்புறுத்துவது அது.

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில் 'லை', 'ணை' போன்றவற்றுக்குத் தனி அச்சுக்கள் வேண்டியிருந்தன. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை ஒட்டி, 1978இல் தமிழக அரசு எழுத்தை எளிமைப்படுத்தியது. இன்று கணிப்பொறித் திரையில் விரலசைவில் தலைப்பு பெருக்கும், சிறுக்கும்.

ஆயினும் இடம் பெருகுவதில்லை. வெளியூர்ப் பதிப்புக்கள் முன்னிரவிலேயே அச்சுக்குப் போய்விடும். நகரப் பதிப்பு கடைசியில். அதற்குள் பெருஞ்செய்தி ஒன்று வந்துவிட்டால், கட்டிய பக்கம் கலையும். ஏதேனும் ஒன்றை எடுத்தாக வேண்டும். பத்து நாளாகக் குழாயில் நீர் வராத ஒரு தெருவைப் பற்றிய ஆறு வரிச் செய்தியே எளிதில் எடுபடக்கூடியது. மறுநாள் அத்தெருவார் தேடுவதும் அந்த ஆறு வரியைத்தான். அனுபவமுள்ளவர் படத்தின் ஓரத்தை அரை அங்குலம் வெட்டி அதைக் காப்பாற்றப் பார்ப்பார். எப்போதும் முடிவதில்லை.

சில நாள் இயற்கையே குறுக்கே நிற்கும். 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, மறைமலைநகர் அச்சகத்துக்குத் தொழிலாளர் போய்ச் சேர இயலவில்லை. மறுநாள் 'இந்து' சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் இதழ் தொடங்கியபின் அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை என்று பதிப்பகத்தார் கூறினர்.

மற்ற இரவுகளில் வடிவமைப்பாளர் நள்ளிரவுக்குப் பின் வெறிச்சோடிய சாலை வழியே வீடு சேர்கிறார். அவர் கண்ணயரும் நேரத்தில், தெருமுனை நடைபாதையில் சிலர் குந்தியமர்ந்து, இணைப்புத் தாள்களை உள்ளே செருகி, மிதிவண்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.