பிளாஸ்டிக் தாங்கிக்குள் ஒரு சூட்டுக் கம்பி

மருமக்களே, மாரி தொடங்கிவிட்டால் பழுகாமத்தில் விடியக் குளிப்பது பெரும்பாடுதான். அம்மம்மாவுக்குச் சுடுதண்ணி வேண்டும். விறகோ நனைந்து கிடக்கும். இந்த நேரம் பார்த்து ஒரு சுட்டி கேட்கிறாள்: "மாமா, கேத்தலுக்குள் இருக்கிற கம்பியைப் பிளாஸ்டிக் தாங்கிக்குள் பூட்டினால் தாங்கி உருகிவிடுமா?"

கெட்டிக்காரி! பெரியவர்கள் பலர் இதைக் கேட்காமலே பூட்டிவிடுகிறார்கள்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். அதைக் குறுக்கே அறுத்தால், பிளந்த மாங்காய் போல இருக்கும். நடுவில் கொட்டை: சுருள் சுருளான நைக்குரோம் கம்பி. சூடாவது இதுதான். சுற்றிவரச் சதை: இறுக்கி அடைத்த மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள். வெளியே தோல்: செம்புக் குழாய். அந்த வெள்ளைத் தூள் வலு சாமர்த்தியமானது. சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது! முந்திய மின்கேத்தல்களில் கம்பி தண்ணிக்கு வெளியே, அடியில் தனி அறையில் இருந்தது. 1922இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லெஸ்லி லார்ஜ் என்பவர்தான் அதைக் குழாய்க்குள் அடைத்துத் தண்ணிக்குள்ளேயே இறக்கினார்.

சரி, உருகுமா? தாங்கி செய்யும் பொலிஎதிலீன் உருகுவது ஏறக்குறைய 130 பாகையில். தண்ணி 100 பாகையில் கொதிக்கும், அதற்கு மேல் சூடேறாது. அப்படியென்றால் பயமில்லையே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உருகுவதற்கு வெகு முன்னமே பிளாஸ்டிக் இளகத் தொடங்கிவிடும். 500 லீற்றர் தண்ணியின் எடை 500 கிலோ. இளகிய சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா? வயிறு தள்ளி, கடைசியில் வெடித்துவிடும். 2006இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுக் கூரைக்கடியில் இப்படித்தான் நடந்தது. சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானதால், ஹீட்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வந்து சேர்ந்து பிளாஸ்டிக் தாங்கியை இளக்கிவிட்டது. கீழே தூங்கிய குழந்தையின் உயிரே போய்விட்டது.

அதனால்தான் நல்ல ஹீட்டரில் தெர்மோஸ்டாட்டோடு இன்னொரு காவலும் இருக்கும். முதலாவது ஏமாற்றினால் இரண்டாவது கரண்டை வெட்டிவிடும்.

இன்னொரு ஆபத்து, தண்ணி வற்றிப்போவது. தண்ணிக்குள் இருக்கும்வரை கம்பியின் சூட்டைத் தண்ணி வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் நின்றால்? வாங்க ஆளில்லை. நெருப்பாய்ச் சிவந்துவிடும். பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஒரு புதிர். கம்பியைத் தாங்கியின் மேல்பக்கம் பூட்டுவதா, அடிப்பக்கமா? சூடான தண்ணி மேலே போகும், குளிர்ந்தது கீழே தங்கும். மேலே பூட்டினால் மேல்தண்ணி மட்டும் சுடும். ஆகவே அடிப்பக்கம்தான். தண்ணி வெளியே போகும் குழாயைக் கம்பிக்குச் சற்று மேலே வைக்கவேண்டும். அப்போது குழாயை மூட மறந்தாலும் கம்பி முழுகியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. செலவே இல்லை, பழுதாகவும் மாட்டாது.

துளை போடும் இடம் தட்டையாக இருக்கவேண்டும். வளைந்த இடத்தில் வாஷர் ஒட்டி உட்காராது, ஒழுகும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ரப்பர் வாஷர் வைத்து இறுக்குவார்கள். சுவரை ஒட்டிய கொஞ்ச நீளத்துக்குக் கம்பிக்குள் நைக்குரோம் சுருள் இருக்காது, தடித்த உலோகக் கூர்தான் இருக்கும். அந்த இடம் அவ்வளவு சுடாது. பிளாஸ்டிக் தப்பிப்பது இதனால்தான்.

இந்த வேலையை நீங்கள் செய்யக்கூடாது, மருமக்களே. மின் வேலை படித்தவர்தான் செய்யவேண்டும். பிளாஸ்டிக்கில் கரண்ட் ஓடாதே என்று சிலர் எர்த் வயரை விட்டுவிடுவார்கள். தண்ணியில் ஓடுமே! செம்புத் தோல் வெடித்தால் 230 வோல்ற்று தண்ணிக்குள் வந்துவிடும். எர்த்தும், 30 மில்லியம்பியர் கசிந்தாலே விழுகிற ட்ரிப் சுவிட்ச்சும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. ஒரு லீற்றர் தண்ணியை ஒரு பாகை சூடாக்க 4,200 யூல் வேண்டும். 2,000 வாற்று ஹீட்டர் ஒரு செக்கனுக்கு 2,000 யூல் தரும். 25 பாகைத் தண்ணியைக் குளிக்கிற பதமான 40 பாகைக்குக் கொண்டுவருவோம். 20 லீற்றருக்குப் பத்தரை நிமிடம். 500 லீற்றருக்கு நாலு மணித்தியாலத்துக்கும் மேல்! கிட்டத்தட்ட 9 யூனிட் கரண்ட். அம்மம்மா ஒருத்தியின் குளிப்புக்குப் பெரிய தாங்கி எதற்கு? சின்னத் தாங்கியே போதும்.

இனி உங்கள் முறை. அதே 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு, 10 லீற்றர் தண்ணி, 1,000 வாற்று ஹீட்டர். எத்தனை நிமிடம்? பேனையை எடுக்கமுன் மனத்துக்குள் போட்டுப் பாருங்கள்.