இணையப் படிவங்களில் நெளியும் எழுத்துக்கள்

இணையத்தளத்திலே ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்கிறோம். பெயரும் முகவரியும் எழுதி முடித்தபின், கடைசியில் ஒரு சிறு கட்டத்துள் ஐந்தாறு எழுத்துக்கள் நெளிந்தும் சாய்ந்தும் நிற்கக் காண்கிறோம். அவற்றைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்தாலன்றிப் படிவம் ஏற்கப்படுவதில்லை. இரண்டு மூன்று முறை தவறிவிட்டுச் சலித்துக்கொள்ளாதவர் அரியர். சரிபார்ப்புப் படம் எனப்படும் இது ஏன் வந்தது, எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

படிவங்களை நிரப்புவோர் மனிதர் மட்டுமல்லர். கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியாகிய நிரல் ஒன்றை ஏவிவிட்டால், அது ஓய்வின்றி ஆயிரக்கணக்கான படிவங்களை நிரப்பி அனுப்பும். 1997ஆம் ஆண்டில் அல்டாவிஸ்டா என்னும் தேடுதளம் இத்தொல்லைக்கு ஆளாயிற்று. புதிய இணைய முகவரிகளை எவரும் பதியலாம் என்று அது இடமளித்திருக்க, சிலர் நிரல்களைக் கொண்டு முகவரிகளைக் கொட்டிக் குவித்தனர். அங்குப் பணியாற்றிய ஆந்திரே புரோடரும் அவர்தம் குழுவினரும் ஒரு சுவையான வழி கண்டனர். அச்செழுத்தைப் படித்தறியும் ஸ்கேனர் பொறியின் கையேட்டை எடுத்து, பொறி நன்றாகப் படிக்க வேண்டுமானால் என்னென்ன செய்க என்று அது கூறியிருந்ததோ அவற்றுக்கெல்லாம் நேர்மாறாகச் செய்தனர். எழுத்துருவை மாற்றினர், பின்புலத்தைக் குழப்பினர். மனிதக் கண் படித்தது, பொறி திகைத்தது.

2003இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலியோர் வெளியிட்ட ஆய்வுரையில் இம்முறைக்குக் கேப்ட்சா என்னும் பெயர் விளங்கிற்று. 1950இல் ஆலன் டூரிங் சொன்ன சோதனையில் நடுவர் மனிதர். இங்கோ நடுவரும் கணினியே. தான் தேறமுடியாத பரீட்சையைத் தானே வைத்துத் தானே திருத்தும் ஆசிரியரைப் போன்றது அது. (அத்தகைய ஆசிரியர் நம்மிடையே அறவே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.) இஃது எப்படிக் கூடும்? விடையை முதலில் தீர்மானித்துக்கொண்டு, படத்தைப் பிறகு வரைகிறது, அவ்வளவுதான் இரகசியம்.

நாம் பக்கத்தைத் திறந்தவுடன், அப்பக்கத்தை அனுப்பும் சர்வர் கணினியில் ஒரு நிரல் விழித்தெழுகிறது. குலுக்கல் முறையில் ஆறு குறிகளைப் பொறுக்குகிறது. சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்று என்ற இலக்கமும் ஐ எழுத்தும் மயக்கந் தருமாதலால் அவற்றை விலக்கிவிடுவது நல்லோர் வழக்கம். வந்தவர் ஒவ்வொருவருக்கும் சர்வர் ஓர் அடையாள எண் கொடுத்திருக்கும். அவ்வெண்ணின் பேரில் விடையைத் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் வெற்றுப் பலகை ஒன்றை எடுத்து, எழுத்துக்களைச் சாய்த்தும் அலைபோல் வளைத்தும் வரைந்து, குறுக்கே கோடுகளும் புள்ளிகளும் இடுகிறது. பிஎச்பி மொழியில் எழுதுவோர்க்கு ஜிடி என்னும் வரைகலைத் தொகுதி இதற்கு உதவுகிறது. படத்தைக் கோப்பாகச் சேமிக்காமல் நேரே நமக்கு அனுப்பி, 'இதைச் சேமித்து வைக்காதே' என்று உலாவிக்கும் ஓர் ஆணையிடுகிறது.

ஒவ்வொரு முறையும் புதிதாக வரைவானேன்? ஆயிரம் படங்களை ஆயத்தமாக வைத்துக்கொண்டால், எதிரி அவற்றையெல்லாம் திரட்டி, ஒருவரை உட்காரவைத்து விடைகளை எழுதிக்கொள்வான். அன்றோடு காவல் போயிற்று. 30 குறிகளிலிருந்து ஆறிடங்களை நிரப்பினாலோ 72 கோடியே 90 இலட்சம் சேர்க்கைகள் உண்டாகும்.

இவ்வளவு செய்தும் சிலர் விடையைப் படிவத்தின் மறைகட்டத்திலோ, படத்தின் கோப்புப் பெயரிலோ வைத்துவிடுகின்றனர். மனிதக் கண்ணுக்குத்தான் அது மறைவு. பக்கத்தின் மூலக் குறிகளைப் படிக்கும் நிரலுக்கு அது வெட்டவெளி. வினாத்தாளின் அடியில் விடையை அச்சிட்டு, மேலே காகிதம் ஒட்டி அனுப்புவதற்கு இஃது ஒப்பாகும். வேறு சிலர், ஒருமுறை பயன்பட்ட விடையை அழிக்க மறக்கின்றனர். அப்போது மனிதன் ஒருவன் ஒரு படத்தைப் படித்துச் சொன்னால் போதும். நிரல் அவ்விடையையே ஆயிரம் முறை திருப்பியனுப்பும். சரியாயினும் தவறாயினும், ஒரு விடை ஒரு தடவைக்கே செல்லவேண்டும்.

இத்தவறுகளைத் திருத்தாமல், எழுத்தை மேலும் மேலும் கோணலாக்குவோர் பலர். அதனால் வருந்துவது யார்? மிகவும் சிதைந்த எழுத்துக்களையும் 99.8 விழுக்காடு சரியாகப் படிக்கவல்ல நிரலைத் தம்மவர் ஆக்கியதாக 2014இல் கூகுள் நிறுவனம் அறிவித்தது. பொறி படித்துவிடுகிறது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முதியவர் படிக்கமாட்டாமல் எழுந்து போகிறார். பார்வையற்றவர் நிலை இன்னும் கொடிது. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் படத்தின் முன் ஊமையாகிவிடுகிறது. ஒலிவடிவில் எழுத்தைச் சொல்லும் வசதியைச் சில தளங்கள் வைத்துள்ளன. காதும் கேளாதவர்க்கு அதுவும் இல்லை.

தமிழில் வரையலாகாதா என்று கேட்கலாம். வரையலாம், ஆனால் நிரல் எழுதுபவர் தமிழறிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைப் போல் குறி குறியாகப் பிரித்துச் சாய்த்தால், 'கொ' என்பதில் ககரம் ஒருபுறமும் கொம்பும் காலும் வேறுபுறமும் சிதறிப்போகும். முழு உயிர்மெய்யையும் ஓரலகாகக் கொண்டு வரைதல் வேண்டும்.

சிறு சங்கங்களும் பள்ளிகளும் நடத்தும் தளங்களுக்கு இவ்வளவு பெருங்காவல் தேவைப்படுவதில்லை. மனிதர் கண்ணில் படாத வெற்றுக் கட்டமொன்றைப் படிவத்தில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றையும் விடாது நிரப்பும் பழக்கமுடைய நிரல் அதையும் நிரப்பி அகப்பட்டுக்கொள்கிறது. வாசிப்பு மென்பொருள் கொண்டு படிப்போர் தடுக்கி விழாதிருக்க, 'இக்கட்டத்தை வெறுமையாக விடுக' என்றொரு குறிப்பை அதனருகே எழுதிவைத்தல் வேண்டும்.