பூனைக்குப் புற்றுநோய்: நிதி திரட்டும் முன் கவனிக்க வேண்டியவை

குடும்பத்தில் ஒருவராக வளர்ந்த பூனைக்குப் புற்றுநோய் வந்தால், சிகிச்சைச் செலவு முழுவதும் வளர்ப்போரையே சேர்கிறது. ஆயுஷ்மான் பாரத் போன்ற அரசுத் திட்டங்கள் மனிதர்களுக்கு மட்டுமே உரியவை. செல்லப்பிராணிக் காப்பீடும் பொதுவாக, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு இழப்பீடு தருவதில்லை. இதனால் பலர் இணையவழியில் நிதி திரட்டுகின்றனர்.

பூனைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று, நிணநீர்த் திசுக்களைத் தாக்கும் லிம்போமா ஆகும். இதற்கான கீமோதெரபி பல மாதங்கள் நீடிக்கக்கூடும். நோயை முற்றிலும் நீக்குவதைவிட, பூனை துன்பமின்றி வாழும் காலத்தை நீட்டிப்பதே பெரும்பாலும் அதன் நோக்கம். எனவே, பரிசோதனையில் நோயை உறுதிசெய்து, மருத்துவரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்துப்பூர்வமாகப் பெற்ற பின்னரே இலக்குத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். கட்டணம் குறைந்த அரசு கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளையும் அணுகலாம்.

நன்கொடையை மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்தச் செய்வதும், ரசீதுகளை வெளியிடுவதும் நம்பிக்கையை வளர்க்கும். தனிநபருக்கு அளிக்கும் உதவிக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை நன்கொடையாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை முடியும் முன்பே பூனை இறக்க நேரிட்டால், எஞ்சும் தொகை யாருக்குச் சேரும் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நேர்மையானது.