குடும்பமாய் வாசிக்க நான்கு நூல்கள்



பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் பெங்களூர் மாநகரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு குறை சத்தமின்றி வளர்ந்துவருகிறது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கத் தடுமாறுகின்றனர். கன்னடமோ பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடுகிறது. பெற்றோர் பிறந்த மண்ணையும் தாங்கள் வாழும் மண்ணையும் அறியாமல் ஒரு தலைமுறை வளருமானால், அது எத்தனை பெரிய இழப்பு!

இதற்கான வழி தொலைவில் இல்லை. கப்பன் பூங்காவில் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம் 1915-இல் கட்டப்பட்டது. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக விளங்கியவரின் பெயரைத் தாங்கிய அம்மண்டபத்தில் மாநில மத்திய நூலகம் இயங்குகிறது. அதே பூங்காவில் 2023-இன் தொடக்கத்தில் நண்பர்கள் இருவர் ‘கப்பன் ரீட்ஸ்’ என்னும் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினர். அதில் சொற்பொழிவு இல்லை, கட்டணமும் இல்லை. சனிக்கிழமைகளில் அவரவர் புத்தகத்தோடு வந்து, மரநிழலில் விரிப்பை விரித்து, அமைதியாய் வாசிப்பதே அதன் முறை. பின்னர் இம்முயற்சி பல நகரங்களுக்கும் பரவியது. தமிழ் நூல்களை நாடுவோருக்கு, 1950-இல் நிறுவப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அல்சூர் ஏரியருகே உண்டு.

அத்தகைய வாசிப்புக்கு ஏற்ற நான்கு நாவல்களை இங்கே பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). அச்சத்தால் தெற்கு நோக்கிப் புறப்பட்ட தெலுங்குக் குடும்பங்கள், கரிசல் காட்டைத் திருத்தி ஓர் ஊரை உண்டாக்கிய வரலாற்றை அது சொல்லுகிறது. தமிழ் மண்ணும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண்ணே என்பதைப் பிள்ளைகள் இதில் அறிந்துகொள்வார்கள்.

இரண்டாவது, ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் தமிழாக்கினார். முன்பணத்தையும் மேஸ்திரியின் இனிய வார்த்தையையும் நம்பி மலையேறிய கருப்பனும் வள்ளியும், எத்தனை உழைத்தும் தீராத கடனில் சிக்குண்டதை வாசிக்கையில் நெஞ்சு கனக்கும். நம் நகரின் கட்டடப் பணிகளுக்கு வரும் தொழிலாளரை வேறு கண்களோடு காணச் செய்யும் நூல் இது. கொடுமைகளை மறைக்காமல் கூறுவதால் பெரியவர்கள் முதலில் வாசிப்பது நலம்.

மூன்றாவது, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னைத் தெரு ஒன்றில் குடத்தோடு அலையும் பெண்களின் கதை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்த பெங்களூர்க் குடும்பங்களுக்கு இதன் ஒவ்வொரு பக்கமும் புரியும்.

நான்காவது, நேமிசந்திரா கன்னடத்தில் எழுதிய ‘யாத் வஷேம்’. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பித் தந்தையோடு பெங்களூருக்கு வந்த யூதச் சிறுமியை இந்நகரத்துக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையாய் வளர்க்கிறது. ஏசாயா 56-ஆம் அதிகாரத்தில் வரும் எபிரெயச் சொற்களே இதன் தலைப்பு. கே. நல்லதம்பியின் தமிழாக்கத்திற்கு 2022-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. அண்டை வீட்டாரின் மொழியிலிருந்து நமக்குக் கிடைத்த அரிய கொடை இது.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறீர்களா? நீங்களே சத்தமாய் வாசியுங்கள். நாள்தோறும் பத்து நிமிடங்கள் போதும். பிள்ளை அருகிலிருந்து எழுத்தைக் கண்ணால் பின்தொடரட்டும். சில வாரங்கள் சென்றபின் ஒரு பத்தியை அவனோ அவளோ வாசிக்கட்டும், தவறினால் கடிந்துகொள்ளாதீர்கள். கதையின்மேல் பிறக்கும் ஆவலே எழுத்தைக் கற்பிக்கும். இந்தச் சனிக்கிழமையே ஒரு புத்தகத்தோடு தொடங்குங்கள்.