பலகையின் இடுப்பில் ஒளிந்திருக்கும் வட்டம்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனவர்களுக்குப் பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா பார்ம் சந்தைக்குப் போகும் சாலை நினைவிருக்கும். நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மறக்கவே மறக்காது. அடுத்த முறை அங்கே நிற்க நேர்ந்தால், அவித்த சோளத்தைக் கடித்தபடியே வளைவில் இறங்கும் வாகனங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். காய்கறி ஏற்றிய லாரி வலப்பக்கம் திரும்பும்போது அதன் உடல் இடப்பக்கம் சாயும். அதன் பின்னாலேயே வரும் மோட்டார்சைக்கிளோ வலப்பக்கமே சாயும். வளைவு ஒன்றுதான், சாய்வுகள் மட்டும் எதிரெதிர்.

லாரி தானாகச் சாயவில்லை, சாய்க்கப்படுகிறது. சக்கரங்கள் திரும்பினாலும் மேலே இருக்கும் சுமை நேராகவே போகப் பார்க்கிறது. அகலமான அடித்தளம் இருப்பதால் லாரி கவிழாமல் சமாளித்துவிடுகிறது. மோட்டார்சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது. அது தரையைத் தொடுவது ஏறக்குறைய ஒரே கோட்டில்தான். ஆகவே ஓட்டுநர் முன்கூட்டியே உள்பக்கம் சாய்ந்து, கீழே இழுக்கும் ஈர்ப்பையும் வெளியே தள்ளுவதுபோல் உணரும் விசையையும் சமன்செய்கிறார். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் சுமார் 27 டிகிரி சாய வேண்டும். வேகம் கூடினாலும் வளைவு இறுகினாலும் சாய்வு கூடும்.

பனிச்சறுக்குப் பலகையில் நிற்பவர் செய்வதும் இதைத்தான். ஆனால் அவர் கையில் பிடித்துத் திருப்ப எதுவுமில்லை. முன்சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை, பிரேக்கும் இல்லை. இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கின்றன. அப்படியானால் பலகை எப்படித் திரும்புகிறது?

கேமரன் மலையில் பனி பெய்யாதே, இது நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1978 பிப்ரவரியில். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், அந்த நடுக்கும் இரவில்கூட உறைநிலையைத் தொட இன்னும் 1,200 மீட்டர் மேலே போயிருக்க வேண்டும். பக்கத்தில் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலையின் உச்சியே 2,031 மீட்டர்தான். இருந்தாலும் மலேசியா பனி ஒலிம்பிக்கை எட்டிவிட்டது. 2018இல் பியோங்சாங்கில் நாம் முதன்முதலாகக் கலந்துகொண்டோம். பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ. 2022 பெய்ஜிங்கில் வெப்புடன் அருவின் சாலேஹுடின் என்ற பெண்ணும் சறுக்கினார். வெப்பும் அருவினும் காலுக்கு ஒன்றாக இரண்டு சறுக்குக்கட்டைகளைப் பயன்படுத்துபவர்கள். கட்டை இரண்டானாலும் பலகை ஒன்றானாலும் திரும்பும் இரகசியம் ஒன்றுதான்.

அந்த இரகசியத்தைப் பார்க்க ஒரு தடித்த அட்டை போதும். 30 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நீளப் பக்கங்களையும் நடுவில் 1 சென்டிமீட்டர் ஆழம் வருமாறு சீரான வில்லாக உள்நோக்கிச் செதுக்குங்கள். உடுக்கையின் வடிவம் வரும்: இரு முனைகளும் அகலம், இடுப்பு குறுகல். இப்போது அட்டையை மேசைமேல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். இரு முனைகள் மட்டும் மேசையைத் தொடும், நடுவில் இடைவெளி தெரியும். விளிம்பு முழுவதும் மேசையில் படும்வரை நடுவை விரலால் அழுத்துங்கள். அட்டை வளையும். விளிம்பு மேசையில் தொடும் கோட்டைப் பென்சிலால் வரைந்து பாருங்கள், அது ஒரு வட்டத்தின் பகுதி. இன்னும் அதிகமாகச் சாய்த்து அழுத்தினால் வட்டம் இன்னும் சிறுக்கும்.

பனிச்சறுக்குப் பலகையின் இடுப்பும் இப்படித்தான் குறுகியிருக்கும். விரலுக்குப் பதில் சறுக்குபவரின் எடை அழுத்துகிறது. பலகை சாய்ந்து, வளைந்து, அதன் எஃகு விளிம்பு பனியில் ஒரு வில்லைச் செதுக்குகிறது. முன்முனை வெட்டிய அதே தடத்தில் பின்முனையும் ஓடி வருகிறது. இதனால்தான் இப்படித் திரும்புவதை ஆங்கிலத்தில் செதுக்குதல் என்ற பொருளில் கார்விங் என்கிறார்கள். நல்ல கார்விங் விட்டுச்செல்லும் தடம் பென்சில் கோடுபோல் மெல்லியது. புதிதாகக் கற்பவர் பின்காலைத் துடுப்புபோல் வீசித் திருப்புவார். அப்போது பலகை குறுக்காகத் தேய்ந்து, துடைப்பம் இழுத்ததுபோல் அகலமான தடம் விழும். பார்ப்பதற்கு இரண்டுமே திரும்புதல்தான், ஆனால் இரண்டாவதில் வேகம் உராய்வில் கரைந்துபோகிறது. வேகத்தைக் குறைக்கத் தேய்ப்பது தவறில்லை. நிறுத்துவதற்கு வேறு வழியும் கிடையாது. தேவையில்லாத இடத்தில் தேய்ப்பதுதான் சிக்கல். அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் இடுப்பை அளந்துவிடுவோம். விளிம்பின் நீளத்தைத் தன்னால் பெருக்கி, குழிவின் ஆழத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த வில்லின் ஆரம் கிடைக்கும். உங்கள் அட்டைக்கு 900ஐ 8ஆல் வகுக்க வேண்டும். சுமார் 112 சென்டிமீட்டர். பனியைத் தொடும் விளிம்பு 120 சென்டிமீட்டரும் குழிவு 2.2 சென்டிமீட்டரும் உள்ள பலகைக்கு ஏறக்குறைய 8 மீட்டர். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத குழிவுக்குள் 8 மீட்டர் ஆரமுள்ள வட்டம் அடங்கிக் கிடக்கிறது! 19ஆம் நூற்றாண்டிலேயே நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹைம் இடுப்பு குறுகிய சறுக்குக்கட்டைகளில் சறுக்கிக் காட்டினார். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் செய்தாரா என்று கேட்டுவிடாதீர்கள். நல்ல தச்சருக்குக் கையே கணக்கு.

இந்த 8 மீட்டர் பலகையை 30 டிகிரி சாய்த்தால் அது செதுக்கும் வட்டத்தின் ஆரம் 6.9 மீட்டர், 45 டிகிரியில் 5.7, 60 டிகிரியில் 4 மீட்டர். பலகையின் ஆரத்தைச் சாய்கோணத்தின் கோசைனால் பெருக்கினால் இந்த எண்கள் வரும். சறுக்குபவரின் கால்களுக்கும் இதில் பங்கு உண்டு. 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது அவர் தாங்கும் சுமை எடையைப் போல் இரு மடங்கு. 50 கிலோ எடையுள்ள மாணவி, தன் அளவே எடையுள்ள தோழியை முதுகில் சுமந்துகொண்டு அரைகுறையாகக் குந்தி நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். முழங்காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிப் பயிற்றுநர்கள் கத்துவது சும்மா அல்ல.

இனி மோட்டார்சைக்கிளுக்குத் திரும்புவோம். எவ்வளவு சாய்வது என்பதை ஓட்டுநருக்கு வேகமும் வளைவின் ஆரமும் முடிவுசெய்தன. பலகையிலோ சாய்வே ஆரத்தையும் முடிவுசெய்கிறது. ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதினால் ஓர் அழகான விடை வருகிறது: வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கத்தையும் பலகையின் ஆரத்தையும் சாய்கோணத்தின் சைனையும் பெருக்கி வருவதற்குச் சமம். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். சைன் ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு! 8 மீட்டர் பலகைக்கு அது வினாடிக்கு 8.85 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் விளிம்பு பிடியை விட்டுத் தேய ஆரம்பிக்கும்.

உண்மையான மலைச்சரிவில் இந்த எண் அப்படியே நிற்காது. பனி அமுங்கும், பலகை முறுக்கிக்கொள்ளும், சரிவும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் போக்கு மாறாது. இடுப்பு அதிகம் குறுகிய பலகை மெதுவான வேகத்தில் சட்சட்டென்று திரும்பும். இடுப்பு அவ்வளவாகக் குறுகாத பலகை வேகத்தில்தான் தன் திறமையைக் காட்டும். 20 மீட்டர் ஆரமுள்ள பலகைக்கு உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் வரை போகிறது. கொடிக்கம்பங்களுக்கு இடையே விரையும் பந்தயக்காரர்கள் நீளமான, விறைப்பான பலகைகளை வைத்திருப்பது இதனால்தான். செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா 2018 பியோங்சாங்கில் அத்தகைய பலகையில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் சறுக்குக்கட்டைப் போட்டியிலும், அதுவும் இரவல் கட்டைகளில், தங்கம் வென்றிருந்தார்.

ஃப்ரீஸ்டைல் வீரர்களின் கதை வேறு. தாவுவது, சுழல்வது, கம்பிமேல் வழுக்குவது, பின்பக்கமாக இறங்குவது எல்லாம் அவர்கள் வேலை. வித்தை காட்டுபவருக்குக் கார்விங் எதற்கு என்று அவர்களில் பலரே நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. அரைக்குழாய் என்னும் போட்டித்தளத்தை எடுத்துக்கொள்வோம். அரைவட்டக் கால்வாய் போன்ற அந்தப் பனித்தளத்தின் சுவர் ஒலிம்பிக்கில் சுமார் 6.7 மீட்டர் உயரம். அடியில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருபவர், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 11.5 மீட்டர் உயரம் எழும்பலாம். சுவரைக் கழித்தால் விளிம்புக்கு மேலே 4.8 மீட்டர். அவரே சுவரில் ஏறுவதற்கு முன் பலகையை ஒரு கணம் தேய்த்து, வேகம் 13 மீட்டராகக் குறைந்துவிட்டால்? எழும்புவது 8.6 மீட்டர். விளிம்புக்கு மேலே மிஞ்சுவது 1.9 மீட்டர் மட்டுமே. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் இருப்பதால், சின்னத் தேய்ப்பு வானத்தில் பாதிக்குமேல் பறித்துவிடுகிறது. மூன்று சுழற்சிக்குத் திட்டமிட்டவருக்கு இரண்டுக்குக்கூட முழுதாக நேரம் கிடைக்காது. மீதிச் சுழற்சியில் பனி வந்து முகத்தில் மோதும்.

அதனால் ஃப்ரீஸ்டைல் பலகை ஒரு சமரசம். முன்னும் பின்னும் ஒரே வடிவம், எந்தப் பக்கமும் இறங்கலாம். வளைந்துகொடுக்கும் தன்மை அதிகம். ஆரம் பெரும்பாலும் 6 முதல் 8 மீட்டருக்குள். அரைக்குழாய்க்காரர்கள் கொஞ்சம் விறைப்பானதையும், கம்பியில் விளையாடுபவர்கள் இளகியதையும் எடுப்பார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தரையில் வைத்தால் பலகையின் நடு எப்படி நிற்கிறது? கேம்பர் பலகையின் நடு வில்போல் மேலே எழும்பியிருக்கும். ஏறி நின்றால் அது அமுங்கி, அழுத்தத்தை இரு முனைகளுக்கும் அனுப்பும். விளிம்பு முழுவதும் கடித்துப் பிடிக்கும். ராக்கர் பலகையோ தோணியின் அடிபோல, முனைகள் தூக்கியிருக்கும். சுழற்றுவது எளிது, தவறிப்போய் விளிம்பு பனியில் குத்தி ஆளைத் தூக்கியெறிவதும் குறைவு. ஆனால் இறுகிய பனியில் பிடி தளரும். தொடக்கக்காரர்களுக்கு ராக்கரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கார்விங் கற்கும் ஆசை உள்ளவர் காலடியிலாவது கேம்பர் உள்ள, நடுத்தர விறைப்புள்ள பலகையை எடுப்பது நல்லது. சில விழுக்காடுகள் கூடும்தான், ஆனால் விளிம்பு பிடிப்பது எப்படி இருக்கும் என்று கால் கற்றுக்கொள்ளும்.

அகலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய பாதம் உள்ளவர் இடுப்பு ஒடுங்கிய பலகையில் நின்றால் பூட்ஸின் நுனியும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நன்றாகச் சாய்ந்த கணத்தில் அவை பனியில் இடித்து நெம்புகோலாகும், விளிம்பு தூக்கிக்கொள்ளும். உச்சகட்டத் திருப்பத்தில்தான் இது நடக்கும் என்பதால் விழுவதும் பலமாக இருக்கும்.

பனி இல்லாத நாட்டில் இதையெல்லாம் உடலால் உணர ஸ்கேட்போர்டு இருக்கிறது. அதன் சக்கர அச்சுகள், பலகையைச் சாய்த்த பக்கம் திரும்பும்படி பொருத்தப்பட்டவை. அங்கே இடுப்பு வளைவு செய்யும் வேலையை அச்சு செய்கிறது. விரல்நுனியில் அழுத்துவதும் குதிகாலில் அழுத்துவதும் இரண்டுக்கும் பொது. ஜப்பானின் அயுமு ஹிரானோ 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிலும், ஆறே மாதத்தில் பெய்ஜிங்கில் பனிப்பலகையிலும் இறங்கினார். அரைக்குழாயில் அவருக்குத் தங்கம். நீங்கள் பழகுவதானால் தலைக்கவசத்தோடு ஸ்கேட் பூங்காவில் பழகுங்கள். கியா பார்ம் சாலை வேண்டாம்; அந்த லாரியால் உங்களுக்காகச் சட்டென்று நிற்க முடியாது.

கடைசியாக ஒரு கணக்கு. பலகை விற்கும் கடைகளின் விவர அட்டையில் ஆரம் மீட்டரில் அச்சிட்டிருக்கும். அதில் 6 என்று இருந்தால், அந்தப் பலகையின் உச்ச கார்விங் வேகம் என்ன? ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று கொள்ளுங்கள். மணிக்கு 28 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தால் உங்கள் விடை சரி.