அலமாரிக்குப் போகும் ஆய்வேடுகள்

பண்ணைப்புரம் பாவலர் வரதராசனின் பாட்டு ஊர் ஊராகப் போனதென்றால், இளையராஜா உள்ளிட்ட தம்பிகள் ஆர்மோனியமும் தாளமுமாய்க் கூடவே போனார்கள். நம் பிள்ளைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தூக்கிச் செல்ல யார் இருக்கிறார்கள்? பறையையும் காலனியையும் ஏலத்தோட்டக் கூலியையும் பற்றி எழுதியவை, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடுகின்றன.

1914இல் மறைந்த அயோத்திதாசரின் நூல்களை மறுபடி அச்சிட்டுக் காத்தவர்கள் கோலார் தங்கவயல் தோழர்கள். சுரங்கத் தொழிலாளர் ஊர் அது, பல்கலைக்கழகம் அல்ல! ஞான. அலாய்சியஸ் தொகுத்ததைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. அதன் பிறகே கல்விப்புலம் அவரைப் பரவலாகப் பேசியது. இடையில் 85 ஆண்டுகள்.

மாணவர்களே, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வரும் என்னும் இதழ்களிடம் உதவித்தொகையைக் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் நீக்கிவிட்டது. உங்கள் ஆய்வேடு 'சோத்கங்கா' தளத்தில் ஏறியதா என்று பாருங்கள். அங்கே யாரும் காசில்லாமல் படிக்கலாம். புத்தகமாக்கும்போது மேற்கோள் குவியலைக் குறையுங்கள். ஓர் இயலையாவது, தகவல் சொன்ன தெருவிலேயே உட்கார்ந்து வாசியுங்கள். தப்பிருந்தால் கிழவிகள் அங்கேயே திருத்துவார்கள்.